புதிய குரலும் முந்திய இசையும்: ‘த றியல் திங்’ இசைத்தட்டின் உருவாக்கம் பற்றிய ஒரு நோக்கு

மேலைத்தேய மெற்றல் இசையின் வரலாற்றிலே பாடகர் மாறுவது புதுமையான நிகழ்ச்சியன்று. 1979 ஆம் ஆண்டில் ஒஸி ஒஸ்போர்னை விலக்கிய பிளக் சபத் குழுவினர், ரொனி ஜேம்ஸ் டியோவைச் சேர்த்துக்கொண்டு மறு ஆண்டிலே ‘ஹெவன் அன்ட் ஹெல்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். 1980 பெப்ரவரியில் தம் பாடகர் பொன் ஸ்கொட்டைச் சாவுக்குப் பறிகொடுத்த ஏ.சி.டி.சி. குழுவினர், பிறையன் ஜோன்சனின் குரலுடன் அவ்வாண்டு யூலையிலேயே ‘பக் இன் பிளக்’கை வெளிக்கொணர்ந்தனர். 1981 இல் அயன் மெய்டன் குழுவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. இம்மூன்று குழுக்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவற்றின் இசைவடிவம் ஏலவே உறுதிபெற்றிருந்தது. இன்ன வகை இசை, இன்ன வகை இரசிகர் என்பது முடிவான பின்னரே புதிய பாடகர் உள்ளே வந்தார். ஆட்கள் வாழ்ந்துகொண்டிருந்த வீடொன்றிற் குடிபுகுந்தமை போன்றது அது.

சான் பிரான்சிஸ்கோ நகரின் பெய்த் நோ மோர் குழுவினர் 1989 யூன் மாதத்தில் வெளியிட்ட ‘த றியல் திங்’ இவ்வரிசையிற் சேராதது. ‘மெய்யான பொருள்’ என அத்தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். இக்குழுவின் இசைக்கு அன்று ஒரு பெயர்தானும் இருக்கவில்லை. மெற்றல், பங்க், ஃபங்க், ராப் என்பன யாவும் அதில் இருந்தன. ஆயினும் அவற்றுள் எதுவும் அதுவாக இருக்கவில்லை. மைக் பற்றன் என்னும் இளைஞர் தமது இருபத்தொராவது வயதில் வந்தார், பாடினார், குழு உலகப் புகழ் பெற்றது என்பதே சஞ்சிகைகள் பரப்பிய கதை. அக்கதை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இசைத்தட்டின் பிறப்பை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதல் உண்மையே அதற்கு இடையூறாக நிற்கின்றது. புதிய பாடகர் வந்துசேர்ந்தபோது இசைத்தட்டின் இசை பெரும்பாலும் முடிந்துவிட்டது. எனின், அவ்வெற்றியை யாருடைய கணக்கில் எழுதுவது? தனிமனிதர் ஆற்றலையும் கூட்டு உழைப்பையும் பிரித்து மதிப்பிடவேண்டிய இவ்வினாவுக்கு விடைகாணக் குழுவின் முற்பகுதி வரலாற்றை அறிதல் வேண்டும்.

1980களின் தொடக்கத்திற் சான் பிரான்சிஸ்கோக் குடாப்பகுதி இரண்டு முரட்டு இசைகளின் களமாக இருந்தது. ஒன்று பங்க். கருவித் தேர்ச்சியை இகழ்ந்து, வேகத்தையும் கோபத்தையும் மாத்திரம் மூலதனமாகக் கொண்டது. மற்றது திராஷ் மெற்றல். அதே வேகத்தைக் கடுமையான தேர்ச்சியோடு இணைத்தது. இரு சாராரின் இரசிகரும் ஒருவரையொருவர் விரும்பியவரல்லர். இவ்விரு கூடாரங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் பெய்த் நோ மோர் தோன்றிற்று. 1981 அளவில் ‘பெய்த் நோ மான்’ என்ற பெயரில் இயங்கிய குழுவிலே தாளக் கருவியாளர் மைக் போர்டினும் பேஸ் கிற்றார்க் கலைஞர் பில்லி கூல்டும் இருந்தனர். பின்னர் கூல்டின் பள்ளித் தோழரான றொடி பொற்றம் விசைப்பலகைக் கலைஞராக வந்து சேர்ந்தார். தலைமை வகித்த பாடகரோடு ஒத்துப்போகாத மூவரும் அவரை விட்டு நீங்கிப் புதுக்குழு அமைத்தனர். ‘மான்’ இனி இல்லை என்ற பொருளில் ‘நோ மோர்’ என்று பெயரிடப்பட்டது. பாடகரைக் கழித்தபின் எஞ்சியோரே குழு என்ற நிலை அதன் பெயரிலேயே பொறிக்கப்பட்டிருந்தமை பிற்கால நிகழ்ச்சிகளை நோக்குமிடத்துச் சுவையானது.

இம்மூவரும் கொண்டுவந்த முதல் வெவ்வேறானது. போர்டின் பேர்க்ளி பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்கத் தாள மரபைப் பயின்றவர். அவருடைய அடி ரொக் இசையின் வழக்கமான நான்கடித் தாளத்தை நிரப்பும் அடியன்று. கனத்த மேளங்களின் மீது திரும்பத் திரும்பச் சுழலும் அடியாகும். பொற்றம் சிறுவயதிலேயே செவ்வியற் பியானோ பயின்றவர். விரைந்தோடும் விரல்வித்தையை நாடாது, தேவாலயக் கூட்டிசையை நினைவூட்டும் அகன்ற சுரக்கூட்டுகளை விரிப்பது அவர் வழி. கூல்ட், பேஸ் கிற்றாரின் தந்திகளைப் பெருவிரலால் அறைந்து ஒலிக்கும் முறையைக் கையாண்டார். அம்முறை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் இசையிலே பிறந்தது. தொடக்க காலத்தில் இவர்கள் ஒரு சிறு சுரத்தொடரை எடுத்துக்கொண்டு அதனையே நீண்டநேரம் மீட்டிக் கேட்போரை ஒருவித மயக்கத்தில் ஆழ்த்துவதையே நோக்கமாகக் கொண்டிருந்தனர். கிற்றார்க் கலைஞரும் பாடகரும் அடிக்கடி மாறினர். பின்னாளில் ‘ஹோல்’ குழுவின் தலைவியாகப் பெயர்பெற்ற கோட்னி லவ்வும் சிறிது காலம் பாடினார்.

1983 இல் ஜிம் மார்ட்டின் கிற்றார்க் கலைஞராகச் சேர்ந்தமையே இசைக்கலப்பின் வரலாற்றில் முக்கியமான திருப்பம் எனல் வேண்டும். மார்ட்டினைப் பரிந்துரைத்தவர் மெற்றலிக்கா குழுவின் பேஸ் கிற்றார்க் கலைஞர் கிளிஃப் பேட்டன். பேட்டனும் மார்ட்டினும் போர்டினும் இளமையில் ஒருங்கே வாசித்தவர்கள். (1986 செப்டெம்பரில் சுவீடனில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் பேட்டன் இருபத்துநான்கு வயதில் இறந்தார்.) மார்ட்டினுக்குப் பங்க் இசையிலோ கலைப் பரிசோதனைகளிலோ நாட்டமில்லை. பிளக் சபத் வழிவந்த, பாறையை உருட்டுவது போன்ற கனத்த மீட்டலே அவர் அறிந்ததும் விரும்பியதும். தம்மை மெற்றல் குழுவினரெனக் கருதாத மூவர் நடுவே மெற்றல் இசையன்றி வேறெதையும் விரும்பாத ஒருவர் வந்தமர்ந்தார். இக்குழுவின் இசைக்கலப்பு ஒருவர் சிந்தித்து வகுத்த திட்டமன்று. விட்டுக்கொடாத நால்வர் ஒரே அறையில் வாசித்தமையின் விளைவே அது. இதனை மறந்து இசைக்கலப்பைப் பற்றிப் பேசுவோர், சமையற் குறிப்பைப் படித்துவிட்டுச் சுவையை விளக்க முற்படுவோரை ஒப்பர்.

நால்வரோடு ஐந்தாமவராக நின்றவர் சக் மோஸ்லி. லொஸ் ஏஞ்சலிசைச் சேர்ந்த இவர் கறுப்பின மரபும் கலந்தவர். 1985 இல் வெளிவந்த ‘வீ கெயார் எ லொட்’, 1987 இல் வெளிவந்த ‘இன்ட்ரடியூஸ் யுவர்செல்ஃப்’ ஆகிய இரு இசைத்தட்டுகளிலும் ஒலிப்பது இவர் குரலே. முதலாவது சிறிய நிறுவனமொன்றின் வெளியீடு. இரண்டாவது ஸ்லாஷ் நிறுவனத்தினது. மோஸ்லியின் குரல் சுருதியோடு ஒட்டி நில்லாதது. தெருமுனையில் நின்று வழிப்போக்கரை வம்புக்கு இழுப்பவனுடைய குரல் எனலாம். பஞ்ச நிவாரணத்துக்கெனப் பிரபலங்கள் மேடையேறிப் பாடிய அக்காலத்தில், ‘நாங்கள் மிகவும் அக்கறைப்படுகிறோம்’ என்னும் தலைப்பில், அக்கறையையே எள்ளி நகையாடிய அவருடைய பாட்டு மாணவர் வானொலிகளிற் பெரிதும் ஒலித்தது. பாடுதலுக்கும் பேசுதலுக்கும் இடைப்பட்ட அந்த முறையில் ராப் இசையின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே மெற்றல் கிற்றாரின் மீது ராப் நடையிற் சொல்லடுக்கும் உத்தி பற்றனோடு வந்ததன்று. மோஸ்லி காலத்திலேயே குழுவில் இருந்தது.

இவ்வுத்தி அக்குழுவுக்கு மாத்திரம் உரியதுமன்று. ரெட் ஹொட் சில்லி பெப்பேர்ஸ் குழுவினர் 1984 முதலே ஃபங்க் இசையைப் பங்க் வேகத்துடன் வாசித்து வந்தனர். 1986 இல் ரன் டி.எம்.சி. என்னும் ராப் குழு, ஏரோஸ்மித்தின் பழைய ரொக் பாட்டொன்றை அவர்களுடனேயே சேர்ந்து மீளப்பாடி வெற்றிகண்டது. 1988 இல் கறுப்பினக் கலைஞர் நால்வரைக் கொண்ட லிவிங் கலர் குழு ‘விவிட்’ என்னும் தட்டை வெளியிட்டது. ரொக் இசையின் வேர்கள் கறுப்பின மக்களுடையவை; எனினும் அதன் ஆதாயத்தைப் பெரிதும் பெற்றோர் வெள்ளையர். 1980களின் இறுதியில் நிகழ்ந்த கலப்பையும் இப்பழைய கணக்கிலிருந்து விலக்கி நோக்குதல் இயலாது. மோஸ்லி வெளியேறிய ஏறத்தாழ இரு ஆண்டுகளின் பின்னரே அவர் தொடக்கிவைத்த முறை பெரும் பொருள் ஈட்டிற்று என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

1988 இல் மோஸ்லி நீக்கப்பட்டார். மேடையில் அவருடைய ஒழுங்கின்மையும் குழுவினரோடு ஏற்பட்ட கைகலப்புகளுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவ்வேளை அடுத்த இசைத்தட்டுக்கான இசை உருவாகிக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று மோஸ்லியின் சொற்களோடும் குரலோடும் வேறொரு பெயரில் ஒலிப்பதிவாகியும் இருந்தது. அதே இசைதான் பின்னர் ‘த மோர்னிங் ஆஃப்டர்’ என்ற பெயரிற் பற்றனின் சொற்களோடு புதிய தட்டில் இடம்பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர் இக்கட்டுரையின் பொருளை ஐந்து நிமிடங்களில் விளங்கிக்கொள்வர். நால்வரின் வாசிப்பில் அதிக மாற்றமில்லை, பாட்டோ வேறாகிவிட்டது.

பாடகரில்லாக் குழு பல மாதங்கள் தொடர்ந்து இசையமைத்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நானூறு கிலோமீற்றருக்கும் அப்பால், மரத்தொழிலை நம்பி வாழ்ந்த யூரிக்கா என்னும் சிற்றூரில், உயர்தரப் பள்ளி மாணவர் சிலர் 1985 இல் அமைத்த ‘மிஸ்டர் பங்கிள்’ என்னும் குழுவின் மாதிரி ஒலிநாடா மார்ட்டினிடம் இருந்தது. அதிற் கத்திய இளைஞரே பற்றன். அப்போது அவர் அருகிலிருந்த ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர்; இசைத்தட்டுக் கடையொன்றிலும் வேலைசெய்தவர். தம் நண்பர்களின் குழுவைக் கைவிடாமலே பெய்த் நோ மோரில் இணைந்தார்.

தயாரிப்பாளர் மற் வலஸ், குழுவின் தொடக்க காலத்திலே தம் பெற்றோர் வீட்டு வாகனக் கொட்டகையில் அமைத்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களைப் பதிவுசெய்தவர். 1988 இன் இறுதியில் அவருடைய மேற்பார்வையிற் சோசலிற்றோ நகரில் ஒலிப்பதிவு தொடங்கிற்று. முடிந்த இசைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுள் எல்லாப் பாட்டுகளுக்கும் சொற்களைப் பற்றன் எழுதினார். மெட்டுக்குப் பாட்டெழுதும் வழக்கத்தைத் திரைப்பாடல் வழியாக நன்கறிந்த தமிழ் வாசகருக்கு இதிலுள்ள நெருக்கடியை விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. திரைப்பாடலாசிரியருக்கு மெட்டோடு கதைச்சூழலும் தரப்படும். பற்றனுக்குத் தரப்பட்டதோ பிறர் ஐந்தாறு ஆண்டுகளாகத் தமக்குள் வாதாடி உருவாக்கிய ஒலி மாத்திரமே. பாடவேண்டிய சுர ஓட்டத்தையும் அவரே கண்டெடுக்கவேண்டியிருந்தது.

அவர் கண்டெடுத்த வழி யாது? மோஸ்லி ஒரே ஆளாக நின்று பாடினார். அவருடைய ஒவ்வொரு பாட்டிலும் மோஸ்லியே பேசினார். பற்றனோ பாட்டுக்கொரு வேடம் புனைந்தார். ‘சொம்பி ஈட்டேர்ஸ்’ மென்மையான கிற்றார் மீட்டலோடும் தாலாட்டுக் குரலோடும் தொடங்கிப் பின் இடியாக முழங்குகின்றது. அதிற் பேசுவது தன்னைப் பேணுவோரை ஆட்டிப்படைக்கும் ஒரு கைக்குழந்தை. ‘எட்ஜ் ஒஃப் த வேர்ல்ட்’ இரவு விடுதியின் பியானோ இசையாய் இனிமையாக ஒலிக்கின்றது. பாடுபவனோ சிறுபெண்ணொருத்தியை இச்சையோடு நோக்கும் முதியவன். இனிமை எத்துணை கூடுகின்றதோ அத்துணை அருவருப்பும் கூடுமாறு அப்பாட்டு அமைந்துள்ளது. ‘சர்ப்பிரைஸ்! யூ ஆர் டெட்!’ மார்ட்டினின் கலப்பில்லாத மெற்றல். அங்கு பற்றன் உறுமுகின்றார். எட்டு நிமிடங்களைத் தாண்டும் தலைப்புப் பாட்டிலே முணுமுணுப்பு, நெடுங்குரல், அலறல் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன.

நால்வரும் தத்தம் போக்கில் இழுத்த இசைக்கு இவ்வகைக் குரலே பொருத்தமாயிற்று. ஓரிடத்தில் நிலைத்த குரல் அவ்விசையின் ஏதேனும் ஒரு கூற்றோடுதான் இசைந்திருக்கும். மோஸ்லியின் குரல் கூல்டின் ஃபங்க் ஒலியோடு இயைந்த அளவுக்குப் பொற்றத்தின் அகன்ற சுரக்கூட்டுகளோடு இயையவில்லை. பற்றன் நால்வருடனும் மாறிமாறி நின்றார். ‘எபிக்’ என்னும் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. அடிகளிலே ராப் நடையிற் சொல்லடுக்கு. அங்கு முன்னிற்பவை பேஸ் கிற்றாரும் மேளமும். பல்லவியில் உயர்ந்து விரியும் பாட்டு. அங்கு பொற்றத்தின் சுரக்கூட்டுகள் எழுகின்றன. இடையிலே மார்ட்டினின் கிற்றார் தனித்து முழங்குகின்றது. முடிவில் எல்லாம் ஓய்ந்து பியானோ மாத்திரம் எஞ்சுகின்றது. ‘அது’ என்று திரும்பத் திரும்பச் சுட்டப்படும் பொருள் யாதென்பது இறுதிவரை சொல்லப்படுவதேயில்லை.

குறையில்லாத தட்டு என்று இதனைச் சொல்வதற்கில்லை. பற்றனின் குரல் இத்தட்டில் மூக்கொலி மிகுந்தது; சில இடங்களில் இளைஞர் ஒருவர் தம் திறனைக் காட்டுவதற்காகவே பாடுவதாகத் தோன்றுகின்றது. சொற்களிலும் அவசரத்தின் தடம் உண்டு. ‘அண்டர்வோட்டர் லவ்’ என்னும் பாட்டின் துள்ளலுக்கும் அதன் கொடூரமான பொருளுக்கும் இடையே முரண் ஒன்று முயலப்பட்டும் அது முழுமையாகக் கைகூடவில்லை. பாடகரே இல்லாத ‘வூட்பெக்கர் ஃபுறொம் மார்ஸ்’ இத்தட்டின் வலிமையான பகுதிகளுள் ஒன்றாயிருப்பது, இசையமைப்பு யாருடையது என்ற வினாவுக்கு மறைமுகமான விடையாகும். குறுந்தட்டுப் பதிப்பிலே பிளக் சபத்தின் 1970 ஆம் ஆண்டுப் பாட்டான ‘வோர் பிக்ஸ்’ மீளப்பாடப்பட்டுள்ளது. அது மார்ட்டினின் பக்கத்தை நிறைவுசெய்கின்றது.

வெளிவந்தவுடன் இத்தட்டு பெருவெற்றி பெறவில்லை என்பது பலர் மறந்த செய்தி. 1989 இல் மெற்றலிக்காவோடும் பின்னர் வேறு குழுக்களோடும் சேர்ந்து குழுவினர் ஊரூராகச் சென்று வாசித்தனர். பிரித்தானியாவில் வரவேற்பு முந்திக் கிடைத்தது. 1990 ஏப்பிரலில் இலண்டன் பிறிக்ஸ்ரன் அரங்கில் நடந்த நிகழ்ச்சி தனி இசைத்தட்டாகவும் வந்தது. அதிற் பற்றன் மோஸ்லியின் ‘வீ கெயார் எ லொட்’டைப் பாடுகின்றார். சொற்களைச் சரியாகவே பாடுகின்றார். ஆனால் எள்ளல் அவருடைய வாயிற் கூத்தாக மாறிவிடுகின்றது. அமெரிக்காவிலோ ‘எபிக்’ பாட்டின் ஒளிப்படத்தை எம்.ரீ.வி. தொலைக்காட்சி இடையறாது காட்டத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. தண்ணீரின்றித் துடிக்கும் மீன் ஒன்றோடும் வெடித்துச் சிதறும் பியானோவோடும் முடியும் அப்படம் விலங்குநேயரின் கண்டனத்தையும் பெற்றது. 1990 செப்டெம்பரில் ‘எபிக்’ பில்போட் பாடல் வரிசையில் 9 ஆம் இடத்தையும், ஒக்ரோபரில் இசைத்தட்டு 11 ஆம் இடத்தையும் எட்டின. வெளிவந்து பதினைந்து மாதங்களின் பின் கிடைத்த இவ்வெற்றிக்கு இசையளவு தொலைக்காட்சியும் காரணம். நீண்ட தலைமயிரோடு துள்ளும் அழகிய இளைஞர் ஒருவர் முன்னின்றமையும் காரணம். வணிகம் ஒரு முகத்தை வேண்டிற்று. நால்வரின் உழைப்பு அம்முகத்தின் பெயரால் விற்கப்பட்டது. ரெட் ஹொட் சில்லி பெப்பேர்ஸ் குழுவின் பாடகர் பற்றன் தம்மைப் பின்பற்றுவதாகக் குற்றஞ்சாட்டியதும், அப்பூசலைச் சஞ்சிகைகள் வளர்த்ததும் இவ்வணிகத்தின் பகுதியே.

பற்றனின் பங்கு உண்மையில் எத்தகையது என்பதை அறிய 1992 இல் வெளிவந்த ‘ஏஞ்சல் டஸ்ட்’டோடு ஒப்பிட்டு நோக்கல் வேண்டும். அங்கு அவர் தொடக்கம் முதலே உடனிருந்து இசையமைப்பிலும் கலந்துகொண்டார். ஒலித்துண்டுகள், திடீர்த் திருப்பங்கள், அச்சுறுத்தும் குரல்கள் என இசையின் அமைப்பே மாறிற்று. வணிக நிறுவனம் எதிர்பார்த்த இரண்டாவது ‘எபிக்’ அதில் இல்லை. மார்ட்டின் அப்போக்கை விரும்பவில்லை. 1993 இன் இறுதியிற் குழுவை விட்டுப் பிரிந்தார். அவருக்குப்பின் கிற்றார்க் கலைஞர் பலர் மாறினர். 1998 இற் குழு கலைந்தது. 2009 இல் மீண்டும் கூடி, 2015 இல் ‘சொல் இன்விக்ரஸ்’ என்னும் தட்டை வெளியிட்டது. ‘த றியல் திங்’கின் சமநிலை அதற்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை. பழைய கூட்டணி கலையாதிருந்தும் புதியவர் முழு உரிமை பெறாதிருந்தும் அமைந்த ஒரு குறுகிய இடைவேளையின் படைப்பு அது. பற்றன் ஓராண்டு முந்தி வந்திருப்பின் அது வேறொரு தட்டாகியிருக்கும். வராதே போயிருப்பின் கேட்பாரற்ற நல்ல இசையாகவே நின்றிருக்கவும் கூடும்.

1994 இல் கோர்ண் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்ததிலிருந்து, மெற்றல் கிற்றாரையும் ராப் நடையையும் இணைத்த குழுக்கள் பல தோன்றின. அவை பெய்த் நோ மோரை முன்னோடியெனப் போற்றின. பற்றன் அவ்வுறவை ஏற்க மறுத்தே வந்துள்ளார். அவருடைய மறுப்பிலே நியாயமுண்டு. பின்வந்தோரிற் பலர் கோபத்தை எடுத்துக்கொண்டு வேடத்தையும் எள்ளலையும் விட்டுவிட்டனர். எள்ளல் மோஸ்லியின் காலத்து உடைமை என்பதை அவர்களுட் பலர் அறிந்திருந்ததாகவும் தெரியவில்லை.

மோஸ்லி வெவ்வேறு குழுக்களோடு பாடி, நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாது வாழ்ந்தார். ‘வீ கெயார் எ லொட்’ 2016 இல் மறுபதிப்பானபோது, கூல்டும் போர்டினும் பொற்றமும் அவரைச் சான் பிரான்சிஸ்கோவிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் மேடையேற்றிப் பழைய பாட்டுகளை அவர் குரலிலேயே மீண்டும் வாசித்தனர். அடுத்த ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள், தமது ஐம்பத்தேழாவது வயதில் அவர் காலமானார்.